டிஸ்க்கை என்கிரிப்ட் செய்தாயிற்றா? பூட் ரெக்கார்டையும் ஹெட்டரையும் இன்றே பேக்கப் எடுங்கள்

பாஸ்வேர்ட் சரியாக நினைவிருக்கிறது. டிஸ்க்கும் நன்றாக ஓடுகிறது. இருந்தும் ஒரு ஃபைல்கூடத் திறக்காது. என்கிரிப்ட் செய்த, அதாவது பாஸ்வேர்ட் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிய, டிஸ்க்கில் இப்படி ஆவதற்கு, அதன் தலைப்பகுதியில் ஒரே ஒரு செக்டர், அதாவது 512 பைட், அழிந்தால் போதும்.

மண்ணடியில் கணக்கு எழுதும் ஆபீஸ், ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸைச் சுற்றியுள்ள கிளியரிங் ஏஜென்சி, தண்டையார்பேட்டையில் ஆதார், பான் அப்ளிகேஷன் போட்டுத்தரும் ஜெராக்ஸ் கடை என்று பிறருடைய விவரங்களை லேப்டாப்பில் வைத்திருப்பவர்கள் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்வது அவசியம்தான். ஆனால் அதோடு நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

நீங்கள் தட்டும் பாஸ்வேர்ட் உங்கள் ஃபைல்களை நேரடியாகப் பூட்டுவதில்லை. மென்பொருள் தானாக உருவாக்கும் மாஸ்டர் கீதான் பூட்டுகிறது. அந்த மாஸ்டர் கீயைப் பாஸ்வேர்டால் பூட்டி, ஹெட்டர் என்ற சின்ன இடத்தில் எழுதிவைக்கிறது. ஹெட்டர் அழிந்தால் மாஸ்டர் கீயும் போய்விடும். பாஸ்வேர்டை மட்டும் வைத்து அதைத் திரும்ப உண்டாக்க வழியே கிடையாது. டேட்டா ரெக்கவரி கடையில் எவ்வளவு கொடுத்தாலும் இதே பதில்தான். அதனால்தான் அளவில் சின்னதான இந்த பேக்கப்புக்கு இத்தனை அக்கறை எடுக்கச் சொல்கிறோம். பூட் ரெக்கார்ட் என்பது, கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும் சின்ன நிரலான பூட் லோடர் இருக்கும் இடம். அதையும் இதோடு சேர்த்து எடுக்க வேண்டும்.

1. உங்களிடம் இருப்பது எது என்று பாருங்கள்

வீட்டிலும் சின்ன ஆபீஸிலும் பெரும்பாலும் மூன்று என்கிரிப்ஷன் மென்பொருள்களில் ஒன்றுதான் இருக்கும்: தனியாக இறக்கிக்கொள்ளும் வெராகிரிப்ட், விண்டோஸோடு வரும் பிட்லாக்கர், லினக்ஸில் லக்ஸ். விண்டோஸ் 11 ஹோமில் பிட்லாக்கரே "டிவைஸ் என்கிரிப்ஷன்" என்ற பெயரில் இருக்கும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு லாகின் செய்த புது லேப்டாப்பில் அது தானாகவே ஓடிக்கொண்டிருக்கலாம். "நான் எதையும் என்கிரிப்ட் செய்யவில்லை" என்று நினைப்பவர்களும் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்து, ஸ்டார்ட் மெனுவில் "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" என்று தேடித் திறந்து, "பயாஸ் மோட்" வரியைப் பாருங்கள். அங்கே யூஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) என்று இருக்கிறதா, லெகசி (பழைய பூட் முறை) என்று இருக்கிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பூட் ஆகாதபோது பூட் லோடரையும் ஹெட்டரையும் திரும்ப எழுத உதவும் வெராகிரிப்ட்டின் ரெஸ்க்யூ டிஸ்க் இரண்டுக்கும் வேறு வேறு.

2. வாங்க வேண்டியவை, ஆகும் செலவு, நேரம்

வெராகிரிப்ட் இலவசம். பிட்லாக்கருக்கும் தனிக் காசு இல்லை. தேவைப்படுவது இரண்டு பென்டிரைவ், ஒரு பிரின்ட் அவுட், ஒரு உறை. நல்ல கம்பெனியின் 16 ஜிபி பென்டிரைவ் ஒன்று சுமார் 400 ரூபாய். கடைக்குக் கடை மாறும். 32 ஜிபிக்கு மேல் வாங்காதீர்கள். ரெஸ்க்யூ டிஸ்க்குக்கு எஃப்ஏடி32 பார்மட் வேண்டும். விண்டோஸின் வழக்கமான பார்மட் பெட்டி 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு அந்த வகையைக் காட்டாது.

பாரிமுனை நடைபாதையில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் "1 டிபி" பென்டிரைவ் இந்த வேலைக்கு ஆகாது. அவற்றில் பலவற்றின் உண்மையான கொள்ளளவு மிகக் குறைவு. எழுதும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டும், படிக்கும்போது வெறும் குப்பை வரும். ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ வேறெங்கோ, பில்லோடு வாங்குங்கள்.

பேக்கப் எடுக்க ஆகும் நேரம் மிகக் குறைவு. ரெஸ்க்யூ டிஸ்க் 10 நிமிடம், ஹெட்டர் பேக்கப் டிரைவுக்கு 3 நிமிடம், பிட்லாக்கர் கீ பிரின்ட் 5 நிமிடம். சோதித்துப் பார்ப்பதையும் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். டிஸ்க்கை இனிமேல்தான் என்கிரிப்ட் செய்யப் போகிறீர்கள் என்றால், 1 டிபி ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு ராத்திரி முழுக்க ஆகலாம். நடுவில் கரண்ட் போனாலும் வெராகிரிப்ட் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனாலும் யூபிஎஸ்ஸோ சார்ஜ் உள்ள பேட்டரியோ இல்லாமல் தொடங்காதீர்கள்.

3. வெராகிரிப்ட், விண்டோஸ் இருக்கும் டிஸ்க்: ரெஸ்க்யூ டிஸ்க்

வெராகிரிப்ட்டைத் திறந்து, சிஸ்டம் மெனுவில் "கிரியேட் ரெஸ்க்யூ டிஸ்க்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். யூஇஎஃப்ஐ என்றால் ஒரு ஜிப் ஃபைல் கிடைக்கும். லெகசி என்றால் சிடியில் எரிக்க வேண்டிய ஐஎஸ்ஓ ஃபைல்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். அந்த ஜிப்பை உங்கள் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் சேமிக்கவா என்று கேட்கும், நாமும் ஓகே கொடுத்துவிடுவோம். அந்த ஃபோல்டர் இருப்பதோ என்கிரிப்ட் செய்த அதே டிஸ்க்கில்! பூட் ஆகாத அன்று அதைத் தொடவே முடியாது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியதுபோல்தான். நேராகப் பென்டிரைவுக்குப் போங்கள்.

பென்டிரைவில் செய்ய வேண்டியவை இவை. எஃப்ஏடி32 ஆக பார்மட் செய்யுங்கள். ஜிப்பை அப்படியே காப்பி செய்யாமல் விரித்து, உள்ளே இருக்கும் இஎஃப்ஐ ஃபோல்டர் பென்டிரைவின் மேல்மட்டத்திலேயே வரும்படி போடுங்கள். வேறொரு ஃபோல்டருக்குள் விழுந்தால் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. பிறகு சிஸ்டம் மெனுவில் "வெரிஃபை ரெஸ்க்யூ டிஸ்க்" கொடுத்துச் சரிபாருங்கள்.

லெகசி மோடில் உள்ள பழைய கம்ப்யூட்டருக்கு எக்ஸ்டர்னல் டிவிடி ரைட்டரை ஒரு நாளைக்கு யாரிடமாவது இரவல் வாங்கி, சிடியில் எரித்துவைப்பதுதான் நிச்சயமான வழி. இந்த மோடில் வெராகிரிப்ட்டின் பூட் லோடரும் ஹெட்டரும் டிஸ்க்கின் முதல் 63 செக்டருக்குள்ளேயே இருக்கும். ஹெட்டர் அதில் கடைசி செக்டர். அதே டிஸ்க்கில் லினக்ஸையும் போட முயன்றால் அதன் கிரப் பூட் லோடர் இந்த இடத்தில் எழுதி எல்லாவற்றையும் கலைத்துவிடும்.

இன்னொன்று முக்கியம். ரெஸ்க்யூ டிஸ்க் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டுமே பொருந்தும். ஆபீஸில் ஒரே மாதிரி ஐந்து லேப்டாப் இருந்தாலும் ஐந்துக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஒன்றின் ரெஸ்க்யூ டிஸ்க்கால் இன்னொன்றின் கீயை ரெஸ்டோர் செய்தால், நல்லபடியாக இருந்த ஹெட்டரும் போய்விடும். பென்டிரைவின் மேல் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

பூட் ஆவதற்கு முன் கேட்கும் பாஸ்வேர்ட் அமெரிக்க ஆங்கிலக் கீபோர்ட் அமைப்பில்தான் ஏறும். தமிழ்99 கீபோர்ட் வைத்திருப்பவர்கள் அது ஆங்கிலத்துக்கு மாறியிருக்கிறதா என்று பார்த்துப் பாஸ்வேர்டைத் தேர்ந்தெடுங்கள்.

4. வெராகிரிப்ட், எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் கன்டெய்னர் ஃபைலும்: ஹெட்டர் பேக்கப்

கன்டெய்னர் ஃபைல் என்பது உள்ளே பல ஃபைல்களைப் பூட்டிவைக்கும் ஒரே ஃபைல். இவற்றுக்கு ரெஸ்க்யூ டிஸ்க் கிடையாது, ஹெட்டர் பேக்கப் மட்டும்தான். முதலில் அந்த டிரைவை வெராகிரிப்ட்டில் கழற்றிவிடுங்கள். மவுன்ட் ஆகியிருந்தால், அதாவது திறந்த நிலையில் இருந்தால், பேக்கப் எடுக்கவிடாது. பிறகு கன்டெய்னர் ஃபைலையோ டிஸ்க்கையோ தேர்ந்தெடுத்து, டூல்ஸ் மெனுவில் "பேக்கப் வால்யூம் ஹெட்டர்" கொடுங்கள். பாஸ்வேர்ட் கேட்கும். உள்ளே ஹிடன் வால்யூம் (மறைத்துவைத்த இன்னொரு பூட்டிய பகுதி) வைத்திருக்கிறீர்களா என்றும் கேட்கும். வைத்திருந்தால் மறைக்காமல் ஆம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதன் ஹெட்டர் பேக்கப்பில் வராது. கிடைக்கும் ஃபைல் 128 கேபிதான். டிஸ்க்கின் பெயரையும் தேதியையும் ஃபைல் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள்.

வெராகிரிப்ட் வால்யூமின் கடைசி 128 கேபியில் ஹெட்டரின் இன்னொரு பிரதி ஏற்கெனவே இருக்கிறது. பலரைக் காப்பாற்றுவது அதுதான். ஆனால் அதுவும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை முழுதாக என்கிரிப்ட் செய்தவர்களுக்கு அந்தப் பிரதியும் கிடையாது.

டிஸ்க் முழுவதையும், பார்ட்டிஷனே (டிஸ்க்கில் பிரிக்கும் பகுதி) இல்லாமல் என்கிரிப்ட் செய்திருந்தால் ஒரு பெரிய ஆபத்து காத்திருக்கிறது. விண்டோஸுக்கு அது காலி டிஸ்க்காகத் தெரியும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்த உடனே "இனிஷியலைஸ் டிஸ்க்" என்று ஒரு பெட்டி வரும். கேன்சல் கொடுங்கள். ஓகே கொடுத்தால் ஜிபிடி அட்டவணையை, அதாவது டிஸ்க் எப்படிப் பிரிந்திருக்கிறது என்ற பட்டியலை, டிஸ்க்கின் தொடக்கத்தில் எழுதும். முதல் ஹெட்டர் அங்கேயே காலி. கடைசியிலும் 33 செக்டர் எழுதும். அது 17 கேபிக்கும் குறைவு என்பதால் கடைசியில் இருக்கும் பிரதி பெரும்பாலும் தப்பிக்கும். ஆகவே ஓகே கொடுத்துவிட்டாலும் மேற்கொண்டு எதையும் செய்யாமல், உடனே "ரெஸ்டோர் வால்யூம் ஹெட்டர்" போய் டிஸ்க்கிலேயே உள்ள பிரதியைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் பார்மட் செய்துவிட்டால், பார்மட் எழுதிய இடத்தில் இருந்த டேட்டா திரும்பாது.

"யூ நீட் டு பார்மட் த டிஸ்க்" என்று வரும் பெட்டியும் இதே வகைதான். வீட்டில் அந்த டிஸ்க்கைச் செருகக்கூடிய எல்லாரிடமும் இதைச் சொல்லிவையுங்கள். டிஸ்க்கின் மேல் "கேன்சல் மட்டும்" என்று ஸ்டிக்கர் ஒட்டினாலும் தப்பில்லை.

பாஸ்வேர்டோடு சேர்த்து ஒரு ஃபைலையும் சாவியாக (கீஃபைல்) பயன்படுத்துபவர்கள் அதையும் காப்பி எடுக்க வேண்டும். ஒரு போட்டோவைக் கீஃபைலாக வைத்துவிட்டு, "வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்திருக்கிறேனே" என்று இருந்துவிடக் கூடாது. வாட்ஸ்அப் போட்டோவைச் சுருக்கி அனுப்பும். கண்ணுக்கு அதே படம்தான், ஆனால் பைட்கள் மாறியிருக்கும், பூட்டு திறக்காது. மூல ஃபைலை அப்படியே பென்டிரைவில் வையுங்கள்.

5. பிட்லாக்கர்

பிட்லாக்கர் தன் ஹெட்டர் விவரங்களை டிரைவிலேயே மூன்று இடத்தில் வைத்துக்கொள்கிறது. அதனால் இங்கே ஹெட்டர் அழிவதைவிட 48 இலக்க ரெக்கவரி கீ கையில் இல்லாமல் மாட்டிக்கொள்வதுதான் அதிகம்.

"மேனேஜ் பிட்லாக்கர்" பக்கத்தில் "பேக்கப் யுவர் ரெக்கவரி கீ" கொடுத்து, பிரின்ட் எடுங்கள், பென்டிரைவிலும் சேமியுங்கள். ஹோம் பதிப்பில் கீ தானாகவே மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டுக்குப் போயிருக்கும். எந்த அக்கவுன்ட் என்பதைக் கவனியுங்கள். கடையில் லேப்டாப் வாங்கும்போது அங்கேயே செட்டப் செய்து தருகிறார்கள். அப்போது கடைக்காரர் தன்னுடைய ஈமெயிலைப் போட்டிருந்தால், உங்கள் டிஸ்க்கின் கீ அவர் அக்கவுன்டில் இருக்கும். செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதியில் உங்கள் ஈமெயில்தான் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வேறாக இருந்தால் என்கிரிப்ஷனை நிறுத்தி, அது முழுவதும் அவிழ்ந்த பிறகு உங்கள் அக்கவுன்டில் மறுபடி தொடங்குங்கள்.

கையால் எழுதிவைப்பவர்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது. 48 இலக்கமும் ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகளாக வரும். ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். போனில் கால்குலேட்டரை எடுத்து எட்டையும் வகுத்துப் பாருங்கள். எதிலாவது புள்ளிக்குப் பின் எண் வந்தால், அந்தத் தொகுதியைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள். கூடவே கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளையும் எழுதிவையுங்கள். இரண்டு மூன்று கம்ப்யூட்டர் இருந்தால் எந்தத் தாள் எதற்கு என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

கீயை எப்போது கேட்கும்? பயாஸ் அப்டேட் ஆனால், பூட் அமைப்பை மாற்றினால், மதர்போர்டை மாற்றினால். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் மூன்றாவதை மனதில் வையுங்கள். உப்புக் காற்றில் போர்ட் பச்சை பூத்து, சர்வீஸ் சென்டரில் "போர்டை மாத்தணும்" என்று சொல்வது இங்கே சகஜம். கீயைப் பூட்டித் திறக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் பழைய போர்டோடு போய்விடுவதால், புது போர்டில் டிஸ்க் ரெக்கவரி கீ இல்லாமல் திறக்காது. சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் கீ கையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் கடையில் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

பயாஸ் அப்டேட்டுக்கு முன் "சஸ்பெண்ட் புரொடெக்ஷன்" கொடுத்துவிட்டால் கேள்வியே வராது.

6. லக்ஸ்

லினக்ஸ்காரர்களுக்கு இதை விரிக்கத் தேவையில்லை. கிரிப்ட்செட்டப்பில் லக்ஸ்-ஹெட்டர்-பேக்கப் என்ற செயல் இருக்கிறது. அதில் பார்ட்டிஷனையும் ஃபைல் பெயரையும் கொடுங்கள். லக்ஸ்2 என்றால் வழக்கமாக 16 எம்பி ஃபைல் வரும். லக்ஸ்2 தன் அமைப்பு விவரங்களை இரண்டு பிரதியாக வைத்திருக்கும். ஆனால் மாஸ்டர் கீயைப் பூட்டிவைத்திருக்கும் கீஸ்லாட் பகுதிக்கு இரண்டாவது பிரதி கிடையாது. அது போனால் எல்லாம் போச்சு. என்கிரிப்ட் ஆகாத பூட் பார்ட்டிஷனையும் இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் காப்பி எடுங்கள். எஸ்ஜிடிஸ்க் வைத்து ஜிபிடி அட்டவணையையும் ஒரு ஃபைலாகச் சேமியுங்கள். பழைய எம்பிஆர் டிஸ்க்கில் முதல் செக்டரைத் திரும்ப எழுதும்போது 512 பைட்டையும் எழுதிவிடாதீர்கள். முதல் 446 பைட் மட்டும்தான் பூட் கோட். அடுத்த 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை. நடுவில் பார்ட்டிஷனை மாற்றியிருந்தால், பழைய அட்டவணை மேலே ஏறிக் குழப்பிவிடும்.

7. கூடவே வைக்க வேண்டிய தாள்

உறைக்குள் ஒரு ஏ4 தாள் வையுங்கள். அதில் இருக்க வேண்டியவை: லேப்டாப் மாடலும் சீரியல் நம்பரும், டிஸ்க்கின் சீரியல் நம்பர், யூஇஎஃப்ஐயா லெகசியா, மென்பொருளின் பதிப்பு எண், பேக்கப் எடுத்த தேதி, கீஃபைல் உண்டா இல்லையா, பிஐஎம் எண்ணை (பாஸ்வேர்டிலிருந்து கீ உண்டாக்க எத்தனை சுற்று ஓட வேண்டும் என்பதை முடிவுசெய்யும் வெராகிரிப்ட் எண்) மாற்றினீர்களா இல்லையா. பாஸ்வேர்டை இதில் எழுதாதீர்கள். பிஐஎம்மை மாற்றிவிட்டு மறந்தவர்களுக்குச் சரியான பாஸ்வேர்டும் தப்பு என்றுதான் வரும்.

மென்பொருளின் இன்ஸ்டாலரையும் பென்டிரைவில் போட்டுவையுங்கள். வெராகிரிப்ட் 1.26.7 முதல் அதன் முன்னோடியான பழைய ட்ரூகிரிப்ட்டின் வால்யூம்கள் திறக்காது. அப்படி ஏதேனும் வைத்திருப்பவர்களுக்கு 1.25.9 பதிப்பு தேவைப்படும்.

லேப்டாப் வாங்கிய பில்லின் ஜெராக்ஸையும் இதே உறையில் வையுங்கள். திருட்டுப் போனால் ஸ்டேஷனில் புகார் எழுத சீரியல் நம்பர் கேட்பார்கள்.

8. எங்கே வைப்பது

ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி வேறு கட்டடத்தில். லேப்டாப் பையின் முன் ஜிப்பில் மட்டும் வேண்டாம். பை போனால் இரண்டும் சேர்ந்து போகும். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொடுங்கையூர் போலத் தண்ணீர் நிற்கும் பகுதியில் தரைத்தள பீரோவின் கீழ்த்தட்டு ஆகாது. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாமையும் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஜிப் உள்ள பிளாஸ்டிக் கவரில் போட்டு, மாடியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டிலோ பேங்க் லாக்கரிலோ வையுங்கள்.

ஹெட்டர் பேக்கப்பும் பாஸ்வேர்டால் பூட்டியதுதான். அதனால் அது மட்டும் பிறர் கைக்குக் கிடைத்தால் உடனே ஆபத்தில்லை. பிட்லாக்கர் ரெக்கவரி கீ அப்படியல்ல, அதுவே முழுச் சாவி. அதை வாட்ஸ்அப் குரூப்பிலோ போன் கேலரியிலோ போடாதீர்கள்.

9. சோதித்துப் பாருங்கள்

ரெஸ்க்யூ பென்டிரைவைச் செருகி, ஆன் செய்யும்போது பூட் மெனுவைத் திறங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. மெனு வருகிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். எந்த ரெஸ்டோரையும் அமுக்காதீர்கள்.

ஹெட்டர் ரெஸ்டோரை நிஜ டிஸ்க்கில் பழகக் கூடாது. 10 எம்பிக்கு ஒரு கன்டெய்னர் உருவாக்கி, உள்ளே ஏதாவது ஒரு ஃபைல் போடுங்கள். ஹெட்டர் பேக்கப் எடுங்கள். பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். இப்போது பேக்கப்பிலிருந்து ஹெட்டரை ரெஸ்டோர் செய்து, பழைய பாஸ்வேர்டைப் போட்டுப் பாருங்கள். திறக்கும், உள்ளே ஃபைலும் இருக்கும். ரெஸ்டோர் செய்யக் கற்றுக்கொண்டாயிற்று. அடுத்த படி ஏன் தேவை என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

10. பாஸ்வேர்டை மாற்றினால் பேக்கப்பையும் மாற்றுங்கள்

பாஸ்வேர்டை மாற்றினாலும் மாஸ்டர் கீ மாறுவதில்லை. பழைய ஹெட்டர் பேக்கப்பும் பழைய பாஸ்வேர்டும் ஒருவரிடம் இருந்தால், நீங்கள் பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றியிருந்தாலும் அவரால் திறக்க முடியும். வேலையை விட்டுப் போன ஊழியருக்குப் பாஸ்வேர்ட் தெரியும் என்பதற்காக மாற்றுகிறீர்கள் என்றால், புது பேக்கப் எடுத்துப் பழையதை அழிப்பது கட்டாயம். பென்டிரைவில் டெலிட் மட்டும் போதாது. முழு பார்மட் செய்யுங்கள், அல்லது உடைத்துப் போடுங்கள். பழைய பேக்கப் அவரிடமே இருக்கிறது என்ற சந்தேகம் வந்தால், டேட்டாவைப் புது வால்யூமுக்கு மாற்றுவதுதான் தீர்வு. கூகுள் டிரைவில் போட்ட பிரதியை எல்லா இடத்திலும் அழித்துவிட்டோம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால், ஹெட்டரை அங்கே வைக்கவே வேண்டாம்.

டிஸ்க்கை டிகிரிப்ட் செய்து மறுபடி என்கிரிப்ட் செய்தால் மாஸ்டர் கீயே மாறிவிடும். அப்போது பழைய ரெஸ்க்யூ டிஸ்க் எதற்கும் உதவாது. ரெஸ்டோர் செய்தால் கெடுதல்தான்.

11. பூட் ஆகாத அன்று என்ன வரிசை

முதலில் பயாஸுக்குள் போய் பூட் ஆர்டரைப் பாருங்கள். விண்டோஸின் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் பூட் மேனேஜர் முதலிடத்துக்கு வந்து, வெராகிரிப்ட் பின்னால் போயிருக்கும். மேலே கொண்டுவந்தாலே பலருக்குப் பிரச்சினை முடிந்துவிடும். அதுவரை விண்டோஸ் காட்டும் "ஸ்டார்ட்அப் ரிப்பேர்" எதையும் ஓடவிடாதீர்கள்.

அது இல்லையென்றால் ரெஸ்க்யூ டிஸ்க்கில் பூட் லோடரை மட்டும் ரெஸ்டோர் செய்யுங்கள். பாஸ்வேர்ட் கேட்கும் இடம்வரை வந்து, சரியான பாஸ்வேர்டைத் தப்பு என்று சொன்னால்தான் கீ விவரத்தை, அதாவது ஹெட்டரை, ரெஸ்டோர் செய்ய வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் செய்யாதீர்கள்.

பாஸ்வேர்டை ஏற்றுக்கொள்கிறது, விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால் பழுது விண்டோஸில்தான். டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி கேஸில் போட்டு, வெராகிரிப்ட் உள்ள வேறு கம்ப்யூட்டரில் செருகுங்கள். சிஸ்டம் மெனுவில் "மவுன்ட் வித்அவுட் ப்ரீ-பூட் ஆதென்டிகேஷன்" கொடுத்தால் ஃபைல்கள் தெரியும். முதலில் காப்பி எடுங்கள். ரெஸ்க்யூ டிஸ்க்கிலிருந்து டிஸ்க் முழுவதையும் டிகிரிப்ட் செய்யும் வழியும் உண்டு. மணிக்கணக்காக ஓடும், டிஸ்க்கில் பேட் செக்டர் இருந்தால் நடுவில் திணறும். வேறு எதுவும் நடக்காதபோதுதான் அதற்குப் போக வேண்டும்.

சர்வீஸ் கடைக்கே கொண்டுபோக வேண்டியிருந்தால், "டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கிறது, பார்மட் வேண்டாம், விண்டோஸ் போட வேண்டாம்" என்று வாயால் சொல்வதோடு ஜாப் ஷீட்டிலும் எழுதச் சொல்லி, ஒரு காப்பி வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு லேப்டாப்பை மட்டும் கொடுக்க முடிந்தால் அப்படியே செய்யுங்கள்.